கே.ஜி.கண்டிகையின் தபால் பை

முகவரியின் கடைசி வரியைப் பார்த்தே எழுதியவரின் வயதைச் சொல்லிவிடுவார் அந்தத் தபால்காரர். ‘திருத்தணி தாலுகா, சித்தூர் ஜில்லா’ என்று முடிந்தால் எழுதியவர் பழைய ஆள். ஊரைவிட்டுப் போய் வெகுகாலம் ஆனவர். ‘செங்கல்பட்டு ஜில்லா’ என்றிருந்தால் நடுவயது. ‘செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம்’ என்று முழுசாக எழுதியிருந்தால் ஏதோ அரசு அலுவலகத்திலிருந்து வருகிறது. ‘திருவள்ளூர் மாவட்டம்’ என்று எழுதப் பழகிய தலைமுறை தலையெடுத்தபோது கடிதம் எழுதும் வழக்கமே தேய்ந்துவிட்டது.

ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள் போனது. 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூரோடு சேர்ந்து அங்கே போயிற்று. மங்கலங்கிழாரும் ம.பொ.சிவஞானமும் முன்நின்ற வடக்கெல்லைப் போராட்டம், எல்லைத் தகராறுக்கான படாஸ்கர் தீர்ப்பு, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் என எல்லாம் கடந்து 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்து செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தது. 1997 ஜனவரி 1 முதல் திருவள்ளூர் மாவட்டம். தபால்காரர் பிறந்தது 1957இல். “நான் பொறந்தது ஆந்திராவுல. மூணு வயசுல தமிழ்நாட்டுக்கு வந்துட்டேன். வீடு அதே வீடுதான்” என்கிறார்.

திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகிற சாலையில் இருக்கிறது கே.ஜி.கண்டிகை. சாலையின் ஒரு முனையில் முருகன் மலை, மறுமுனையில் நரசிம்மர் மலை. சுற்றுப்பட்டுச் சிற்றூர்க்காரர்கள் உரம் வாங்க, முடி வெட்டிக்கொள்ள, பஸ் பிடிக்க இங்கேதான் வருவார்கள். அவர் குடியிருப்பது கே.ஜி.கண்டிகையில். வேலை பார்த்தது அடுத்திருக்கும் ஒரு சிற்றூரின் கிளை அஞ்சலகத்தில். அந்த ஊர்ப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 45 ஆண்டுகளில் அவர் கையால் கொடுத்த செய்திகள் இன்னும் அங்கே பல வீடுகளுக்குள் உயிரோடு இருக்கின்றன, அதுதான் காரணம்.

1977இல், இருபது வயதில் சேர்ந்தார். காகிதத்தில் பதவிப் பெயர் நீளமானது: எக்ஸ்ட்ரா டிபார்ட்மென்டல் டெலிவரி ஏஜென்ட். எல்லோரும் சொன்னது ‘இ.டி.’ சம்பளம் என்று சொல்ல மாட்டார்கள், ‘அலவன்ஸ்’. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை என்பது கணக்கு; பிழைப்புக்கு வேறு வழி இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அவருக்கு முக்கால் ஏக்கர் நிலம் இருந்தது, வேர்க்கடலை போடுவார்கள். அதே 1977 ஏப்ரலில் பி.கே.ராஜம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், இ.டி. ஊழியர்களும் அரசுப் பதவியில் இருப்பவர்களே, விசாரணை இல்லாமல் வீட்டுக்கு அனுப்ப முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. சேர்ந்த புதிதில் மூத்த ஊழியர் ஒருவர் அதைச் சொல்லித்தான் அவருக்குத் தைரியம் கொடுத்தாராம். நினைத்தபடி வேலையிலிருந்து தூக்க முடியாது என்பது உறுதியானது. துறை ஊழியருக்கு உள்ளது போன்ற ஓய்வூதியம் மட்டும் கடைசிவரை வரவில்லை.

அஞ்சலகம் என்றால் தனிக் கட்டடம் என்று நினைத்துவிடக் கூடாது. கிளை போஸ்ட்மாஸ்டரின் வீட்டுத் திண்ணைதான் அஞ்சலகம். ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டி, தேதி முத்திரை, மை அட்டை, தராசு. காலை பஸ்ஸில் திருத்தணியிலிருந்து பை வரும். கண்டக்டர் படியிலிருந்தே கொடுப்பார். அரக்கு முத்திரையை உடைத்து, பட்டியலோடு சரிபார்த்து, ஒவ்வொன்றின் முதுகிலும் அன்றைய தேதியைக் குத்தி, தெருவாரியாக அடுக்கிக்கொண்டு சைக்கிளை எடுத்தால் பதினொன்றாகிவிடும்.

அந்த அடுக்குதலுக்குள்ளேயே ஒரு தொல்லை உண்டு. இந்த வட்டாரத்தில் கண்டிகைகள் பல. வண்டலூரிலிருந்து கேளம்பாக்கம் போகிற சாலையிலும் ஒரு கண்டிகை இருக்கிறது. ‘கே.ஜி.’ என்ற இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் கடிதம் ஊர் ஊராகச் சுற்றி, முதுகு முழுக்க முத்திரையோடு வந்து சேரும். 1972 ஆகஸ்ட் 15 அன்றே பின்கோடு வந்துவிட்டது. ஆனாலும் அவர் சேர்ந்த காலத்தில் அதை எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஜனங்கள் எழுதியது ‘வயா திருத்தணி’. அந்த ஒரு வார்த்தை ஆறு இலக்கத்தின் வேலையைப் பாதியாவது செய்தது.

பையில் வந்ததைக் கொடுப்பது பாதி வேலை. படித்துக் காட்டுவது மீதி வேலை. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத வேலை. அவருடைய சுற்றில் இருநூறு வீடு என்றால் எழுத்துத் தெரிந்த பெரியவர்கள் இருந்த வீடு கொஞ்சம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருக்கும் நேரம் அது. “இன்னா நைனா, என் புள்ளகிட்ட இருந்து எதனா வந்துதா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு ஆயா மோர் சொம்போடு வந்து உட்காருவார். இன்லண்டு லெட்டரைக் கிழியாமல் பிரித்து, தேதியிலிருந்து ஆரம்பித்துப் படிக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி ஒரு முறை. இரண்டாவது முறைதான் அவர்கள் உண்மையில் கேட்பார்கள். முதல் முறை கெட்ட சேதி இல்லை என்று தெரிந்துகொள்ள.

நெசவுத் தெருவில் இது இன்னும் கடினம். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை அளவுக்கு இல்லாவிட்டாலும் அவர் சுற்றிலும் லுங்கித் தறிகள் ஓடின. விசைத்தறி ஓடுகிற வீட்டில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. கடிதம் என்றால் தறியை நிறுத்துவார்கள். தறி நின்றால் கூலி நிற்கும். அதனால் முதலில், நிறுத்தத் தகுந்த கடிதமா என்று சைகையால் கேட்பார்கள். கல்யாணப் பத்திரிகை என்றால் கையைக் காட்டிவிட்டு ஓட்டிக்கொண்டே இருப்பார்கள். பம்பாய்க்குப் போன பிள்ளையின் கடிதம் என்றால் தெருவில் வரிசையாக நாலு தறி நிற்கும். அந்த அமைதியில் குரலை உயர்த்தாமல் படித்த கடிதங்கள்தான் தன் வாழ்க்கையிலேயே நன்றாகப் படித்தவை என்று நினைவுகூர்கிறார்.

படிப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது, மொழி. நகரி, புத்தூர், சித்தூர் பக்கமெல்லாம் பெண் கொடுத்து எடுத்த குடும்பங்கள். பாதிக் கடிதம் தெலுங்கில் வரும். மருமகளுக்குத் தாய் வீட்டுக் கடிதம் வந்தால் தமிழ் படித்த தபால்காரர் திருதிருவென்று விழிக்க வேண்டியிருந்தது. ஒரு வருஷம் பார்த்தார். பிறகு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரிடம் போய், 22 வயதில் சிலேட்டு வைத்துத் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகும் ஒரு வகைக் கடிதம் அவரைத் திணறடித்தது. எழுத்து தமிழ், ஆனால் ஒரு வரியும் புரியாது. வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் மட்டும் படித்தவர்கள் எழுதியது. கண்ணால் படித்தால் கிறுக்கல், வாய்விட்டுப் படித்தால் சுத்தமான தெலுங்கு. தமிழில் ஒரே ‘க’, ஒரே ‘ப’ என்பதால் எங்கே எப்படி அழுத்துவது என்பது கேட்கிறவருக்குத்தான் தெரியும். இவர் படிக்க, அந்தப் பெண் திருத்தித் திருத்திப் புரிந்துகொள்வாள். எல்லைக் கோடு எங்கே போகிறது என்று சர்க்கார்கள் சண்டையிட்டு முடித்த இடத்தில், ஒரு திண்ணையில் இரண்டு மொழியும் ஒரே காகிதத்தில் குடித்தனம் நடத்தியிருக்கின்றன.

கார்டு விஷயம் தனி. கார்டில் மறைவு கிடையாது. அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்த மூத்தவர் முதல் நாளே சொன்னார்: “கார்டுல இருக்கறத கண்ணு படிச்சிடும், அத ஒண்ணும் பண்ண முடியாது. வாய் படிக்கக் கூடாது.” யார் வீட்டில் கடன் நெருக்குகிறது, எந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள், எந்தத் தம்பி பாகம் கேட்கிறான் என்று எல்லாம் பை நிறைய இருக்கும். டீக்கடையில் உட்காரும்போது அதில் ஒரு சொல் வாயிலிருந்து வந்தால் அன்றோடு தொழில் போச்சு. அவர் வேலையிலிருந்த காலம் முழுக்க டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை; நின்றபடி குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். இன்றும் நின்றபடிதான் குடிக்கிறார்.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய கார்டு வந்தால் தெரு முனையிலிருந்தே மணி அடித்துக்கொண்டு போகலாம். சாவுச் செய்தி வேறு மாதிரி. படித்த இடத்திலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள், வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். அதனால் அந்தக் கார்டை வாசற்படிக்கு எடுத்துப் போகவே கூடாது. பக்கத்து வீட்டு ஆண்பிள்ளை ஒருவரைக் கூப்பிட்டு, வெளியே வரச் சொல்லி, வேப்பமரத்தடியில் நின்றுதான் கொடுக்க வேண்டும். சாப்பிடுகிற நேரமாக இருந்தால் சுற்றை முடித்துவிட்டுத் திரும்பி வருவார். அந்த ஒரு மணி நேரத்தில் அவர்கள் ஒரு வாய் சோறு சாப்பிட்டிருப்பார்கள். விதிப்படி இது தாமதம். இப்போது கேட்டாலும் அதைத் தப்பென்று ஒப்புக்கொள்ள அவர் தயாராக இல்லை.

இன்னொன்றையும் செய்திருக்கிறார். பட்டணத்துக்குப் போன பிள்ளைகள் சிலர் பணத்தைப் பற்றி மட்டுமே எழுதுவார்கள். இவ்வளவு அனுப்பினேன், அந்தக் கடனை அடை, அந்த மாட்டை விற்காதே. அப்படிப்பட்ட கடிதத்தைப் படித்து முடித்ததும் ஆயாவின் முகம் அடுத்த வரிக்குக் காத்துக்கொண்டிருக்கும். “உடம்ப பாத்துக்கச் சொல்லி எழுதியிருக்கான் ஆயா” என்று தானாக ஒரு வரி சேர்ப்பார். எத்தனை கடிதத்தில் சேர்த்தார் என்ற கணக்கில்லை. ஒரு முறை பொங்கலுக்கு வந்த பிள்ளையிடம் ஆயா, “நீ எழுதின மாதிரியே உடம்ப பாத்துக்கினுதான் இருக்கேன்” என்று சொல்ல, அவன் திரும்பி இவரைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த கடிதத்திலிருந்து அந்த வரி அவன் கையெழுத்திலேயே வந்தது.

பணம் வந்த வழியும் பைதான். பெரம்பூர் பின்னி மில்லில் வேலை பார்த்தவர்கள் மாதம் முதல் வாரத்தில் மணியார்டர் அனுப்புவார்கள். படிவத்தின் அடியில் செய்தி எழுத ஒரு துண்டு இருக்கும். அதில் நுணுக்கி நுணுக்கி ஒரு கடிதமே எழுதிவிடுவார்கள். கைநாட்டு என்றால் சாட்சி வேண்டும். சாட்சிக்கு ஆளைத் தேடிக் கூப்பிட்டால், இந்த வீட்டுக்கு இவ்வளவு பணம் வந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். அதற்காகவே தினம் வேறு வேறு ஆளைச் சாட்சிக்கு வைப்பார். 1996இல் பின்னி மில் மூடப்பட்டபோது அந்த முதல் வாரக் கூட்டம் அவர் கண்முன்னேயே கரைந்தது. கொஞ்ச நாளில் அந்த மனிதர்களே ஊருக்குத் திரும்பி வந்தார்கள். மணியார்டர் வாங்கிய திண்ணையிலேயே அனுப்பியவரும் உட்கார்ந்திருந்தார்.

முதியோர் உதவித்தொகைதான் எல்லாவற்றிலும் பெரியது. 1962இல் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம். அதுவும் மணியார்டராகவே வந்தது. மாதத்தில் ஒரு நாள் அவர் சைக்கிள் தெருவுக்குள் நுழையும் முன்பே பெரியவர்கள் திண்ணைகளில் தயாராக இருப்பார்கள். கொடுத்த பணத்திலிருந்து தபால்காரருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் எடுத்து நீட்டுவது அந்நாளைய வழக்கம். ஆரம்பத்தில் அவரும் வாங்கியிருக்கிறார், மறைக்கவில்லை. ஒரு நாள் ஒரு தாத்தா இரண்டு ரூபாயை நீட்டிவிட்டு, அவர் தெருவைத் தாண்டுமுன் பக்கத்து வீட்டில் அரிசி கடன் கேட்பது காதில் விழுந்தது. திரும்பிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். அதன் பிறகு யாரிடமும் கை நீட்டவில்லை. கொல்லையில் விளைந்த கத்தரிக்காய் கொடுத்தால் மட்டும் வாங்கிக்கொள்வார். அதை மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள்.

1984 மழைக்காலத்தில் கல்வெர்ட்டு ஓரம் சைக்கிள் சறுக்கிக் கணுக்கால் முறிந்தது. இந்தப் பக்கத்து ஜனம் எலும்பு முறிந்தால் முதலில் போவது புத்தூருக்கு. நகரி வழியாக பஸ்ஸில் போய், பச்சிலை அரைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணி சுற்றிப் புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். இ.டி.க்காரர் லீவு போட்டால் தன் பொறுப்பிலேயே பதிலாள் வைக்க வேண்டும். ஒரு சொந்தக்காரப் பையனை வைத்தார். நெசவுத் தெருவில் ஒரு இளைஞனுக்கு வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து நேர்முகத் தேர்வுக் கார்டு வந்தது. மழைக்குச் சோம்பல்பட்ட பதிலாள் அதை டீக்கடையில் கொடுத்து, “அவனாண்ட குடுத்துடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் கார்டு ஐந்து நாள் கிடந்தது. கைக்குப் போனபோது தேதி தாண்டி மூன்று நாள்.

அந்த இளைஞன் புகார் எழுதவில்லை. கட்டுப் போட்ட காலோடு அவர் அவன் வீட்டுக்குப் போனபோது உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான், தறியை நிறுத்தவில்லை. பதிவு அட்டையை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருந்தான். இன்னொரு கார்டு வரவே இல்லை. ஒவ்வொரு நாள் காலையும் பையை உடைக்கும்போது அந்தப் பெயரைத் தேடியே பதினைந்து வருஷம் போயிற்று என்கிறார் தபால்காரர். அதற்குப் பிறகு எந்தத் தபாலையும் அவர் மூன்றாம் ஆள் கையில் கொடுத்ததில்லை. காய்ச்சலோடும் போயிருக்கிறார்.

பை கனத்த நாட்களும் உண்டு. பொங்கலுக்குப் பத்து நாள் முன்பு தொடங்கும் வாழ்த்து அட்டை வெள்ளம். எம்.ஜி.ஆர்., சிவாஜி படம் போட்டவை போய், ரஜினி, கமல் வந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கத்துத் தெரு நண்பனுக்கே தபாலில் அனுப்புவார்கள். பெயர் எழுதி வருகிற சந்தோஷத்துக்காக. தபால் தலை குறைவாக ஒட்டியிருந்தால் குறைந்த தொகைக்கு இரட்டிப்பு வசூலிக்க வேண்டும் என்பது விதி. பத்து வயசுப் பையனிடம் ‘டியூ’ கேட்க மனம் வராமல் தன் பையிலிருந்து போட்ட காசு கொஞ்சமில்லை. ஆடிக் கிருத்திகை வந்தால் வேறு கதை. புஷ்பக் காவடிக் கூட்டத்தில் திருத்தணி நிரம்பி வழியும், பஸ்களைத் திருப்பி விடுவார்கள், பை எப்போது வரும் என்று தெரியாது. கிருத்திகை முடிந்த வாரம் ஊரிலிருந்து வெளியே போகிற பையில் விபூதி வாசனை அடிக்கும். மலை ஏறி வந்தவர்கள் வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பிரசாதத்தைக் கவருக்குள் மடித்து அனுப்புவார்கள். உறை ஓரத்தில் கசிந்து தேதி முத்திரையின் மையோடு கலந்து, கை எல்லாம் சாம்பல் நிறமாகிவிடும்.

முதலில் தேய்ந்தது நல்ல சேதி. மஞ்சள் பலகை மாட்டிய எஸ்.டி.டி. பூத் சாலையோரம் வந்ததும், குழந்தை பிறந்த செய்தியைப் பூத்துக்காரர் ஓடிவந்து சொல்லத் தொடங்கினார். கார்டு மூன்று நாள் கழித்து வரும். எல்லோருக்கும் தெரிந்த சேதியை இவர் கொண்டுபோவார். 2003இல் செல்போனுக்கு உள்வரும் அழைப்பு இலவசமானது. அதற்குப் பின் ஆயாக்களின் இடுப்பில் சுருக்குப் பையோடு போனும் ஏறியது. மணியார்டர் 2008க்குப் பிறகு கணினி வழியானது. அடித்துண்டில் நுணுக்கி எழுதிய கடிதம் போய், முன்பே அச்சிட்ட வாசகங்களில் ஒன்றுக்கான எண்ணைப் போட்டால் போதும் என்றாயிற்று. 2013 ஜூலை 14 இரவோடு தந்தி நின்றது. தந்தி நின்றதற்கு அவர் வருந்தவில்லை. அவர் கொண்டுபோன தந்திகளில் சிரித்துக்கொண்டு கொடுத்தது இரண்டோ மூன்றோதான்.

பை காலியாகிவிடும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஆதார் வந்தது. 2010க்குப் பின் சில வருஷம் கட்டுக் கட்டாக ஆதார் கடிதங்கள் வந்து இறங்கின. ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர், அப்பா பெயரும் ஒன்று, கதவு எண் இல்லை. அப்போதுதான் அவருடைய பழைய படிப்பு உதவியது. தறிக்காரர், கிணத்தடியார், பம்பாய்க்காரர், சின்னவர் என்று பட்டப்பெயரும் பிறந்த வருஷமும் வைத்து ஆளைப் பிரித்தார். ஏ.டி.எம். கார்டு, பான் கார்டு, பாஸ்போர்ட், கோர்ட்டு நோட்டீஸ், ஆன்லைனில் வாங்கிய செருப்பு என்று எடை கூடிக்கொண்டேதான் போனது. படித்துக் காட்ட மட்டும் அதில் ஒன்றுமில்லை. ஒன்று உண்டு: கடன் கம்பெனியின் நோட்டீஸ். குழுக் கடன் வாங்கிய பெண்கள் அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, “இன்னா போட்டுக்குதுண்ணா?” என்று கேட்பார்கள். எல்லாம் இங்கிலீஷ். அதைத் தமிழில் சொல்ல வேண்டிய நாட்களில், சாவுக் கார்டே தேவலை என்று தோன்றியிருக்கிறது.

முதியோர் தொகை 2011இல் 1,000 ரூபாயானது. அதையொட்டிய வருஷங்களில் கொடுக்கும் வழி மணியார்டரிலிருந்து வங்கிக்கு மாறியது. நடுவில் ஆள் கை வைக்க முடியாது என்பது நல்லதுதான். வீட்டு வாசலில் வாங்கிய பணத்துக்கு எண்பது வயதில் பஸ் ஏற வேண்டியிருந்தது என்பதும் உண்மை. பஸ் செலவு போக, கூட வருகிற பேரனுக்கு டீ செலவு போக மிச்சம் வாங்கி வந்தவர்களை அவர் தினம் பார்த்தார். 2018 செப்டம்பர் 1 அன்று இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் பேங்க் தொடங்கியபோது, 61 வயதில் கைரேகைக் கருவியையும் செல்போனையும் கையாளக் கற்றுக்கொண்டு திரும்பவும் திண்ணைகளுக்குப் போனார். சிலேட்டில் தெலுங்கு கற்றதைவிட இது சுலபமாகத்தான் இருந்ததாம். கருவிக்குத்தான் கஷ்டம். ஐம்பது வருஷம் நூல் ஓட்டிய விரலிலும் களை பறித்த விரலிலும் ரேகை தேய்ந்திருக்கும். ஒரு விரல் எடுக்காது, அடுத்த விரல் எடுக்காது. ஈரத் துணியால் துடைத்து, தேங்காய் எண்ணெய் தொட்டு, பத்து விரலையும் வைத்துப் பார்ப்பார்கள். கைநாட்டுக்கு மை தடவிய காலத்தில் எந்தக் கட்டைவிரலையும் யாரும் ‘செல்லாது’ என்று சொன்னதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பஸ் இல்லை, வங்கிக்குப் போக முடியாது. முகக்கவசத்தோடு சைக்கிளில் போய், வாசலில் நின்று விரல் வைக்கச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். சென்னையிலிருந்து ஒரு மருந்துப் பார்சல், சர்க்கரை நோய்க்காரருக்கு, தபால் வண்டியிலேயே மாறி மாறி வந்து சேர்ந்தது. வெளியே வந்தால் போலீஸ் பிடிக்கும் என்று பயந்த ஊரில், நடுத்தெருவில் சைக்கிள் மணி மட்டும் கேட்டது. திண்ணைக்குத் திண்ணை எட்டிப் பார்த்தார்கள். கேட்டது பழைய கேள்வி: வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்களாம்? போனில் பேசியவர்களும் கேட்டார்கள்.

2022இல், 65 வயதில் ஓய்வு. ஒரு சால்வை, ஒரு போட்டோ, கொஞ்சம் மொத்தத் தொகை. அவர் இடத்துக்கு வந்திருக்கும் இளைஞனுக்கு மோட்டார் சைக்கிள் இருக்கிறது, சுறுசுறுப்பானவன். தெருப் பெயர்கள் இன்னும் பிடிபடவில்லை, சந்தேகம் வந்தால் இவருக்குப் போன் செய்கிறான். 2025 செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் போஸ்ட்டை ஸ்பீடு போஸ்ட்டோடு இணைத்துவிட்டதாக அவன் வந்து சொன்னபோது, பழைய ஒப்புகை அட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, ஓரத்தில் சாட்சியின் பெயர், பின்னால் ‘சித்தூர் ஜில்லா’ என்று அடித்து ‘செங்கல்பட்டு’ என்று திருத்திய முகவரி.

நேர்முகத் தேர்வைத் தவறவிட்ட அந்த நெசவுக்காரருக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தறி ஓடுகிறது. அவர் மகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு விடியற்காலை கம்பெனி பஸ்ஸில் போகிறாள். வேலை உத்தரவு அவளுக்கு மின்னஞ்சலில் வந்ததாம். அதை அச்சடித்து எடுத்துவந்து தபால்காரரிடம் ஒரு முறை காட்டிவிட்டுப் போனார் அப்பா.

காலையில் இப்போதும் தபால்காரர் அந்தச் சிற்றூர்ப் பக்கம் நடந்து போகிறார். மோர் சொம்போடு வந்த ஆயா இல்லை. அவர் மருமகள் ஆயாவாகி அதே திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மகன் ஓசூரில். மாதம் ஒரு நாள், இவரைப் பார்த்ததும் இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டுவார். வங்கியிலிருந்து இங்கிலீஷில் ஒரு குறுஞ்செய்தி வந்திருக்கும்.

“1,200 ஏறிடுச்சி ஆயா. முதியோர் பணம்.”

“வேற எதனா போட்டுக்குதா நைனா?”

போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்து மறுபடி ஒரு முறை படிக்கிறார். கணக்கு எண்ணின் கடைசி நாலு இலக்கம், தேதி, மீதி. பிறகு அந்தப் போனிலேயே ஓசூர் மகனின் எண்ணைத் தேடி அழுத்தி, மணி அடிக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு, ஆயாவிடம் கொடுக்கிறார்.